கிளட்ச்சை மிதித்த கால்

இரும்புக்கு ஞாபகம் உண்டு என்று கண்டுபிடித்த பிறகு, வீட்டில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணைக் குடும்பம் தங்கள் தாத்தா காலத்து ஜீப்பைப் பட்டப்பகலில் கிணற்றுக்குள் தள்ளியது. ஈரோட்டில் ஒரு வீட்டில், ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்று முப்பது வருஷமாகச் சாதித்த அண்ணிதான் கொழுந்தனின் காரைத் தினமும் ஓட்டியிருக்கிறாள் என்று தெரிந்து, விஷயம் பாகப்பிரிவினை வரைக்கும் போனது. மனிதர்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் இன்ஜின்கள் சொல்ல ஆரம்பித்தால் குடும்பங்கள் என்ன ஆகும்?

சுகந்தி இந்தச் செய்திகளைப் பார்த்துச் சிரித்தவள்தான். அவளுக்கு வயது அறுபத்தொன்று. கல்யாணம், விவாகரத்து இரண்டையும் முப்பது வயதுக்குள் முடித்துவிட்டு, மீதி வாழ்நாளை ஒரு பம்ப் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வார்ப்பிரும்பைத் தட்டியும் அறுத்தும் பார்த்துக் கழித்தவள். மனிதர்களிடம் அவளுக்குப் பொறுமை குறைவு. இரும்பு விஷயத்தில் மட்டும் எருமைப் பொறுமை. ஓய்வு பெற்ற மறு வாரமே, கோயமுத்தூர் கணபதியில் இருந்த தன் வீட்டு போர்ட்டிகோவில் இருபத்திரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் ஹெரால்டு காரை வெளியே எடுத்தாள்.

சாலையில் எல்லா வண்டிகளும் தாமே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கையால் ஓட்டும் பழைய கார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. அந்த அனுமதிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. இன்ஜினின் ஞாபகத் தடத்தை எடுத்து அரசாங்கத்தில் பதிய வேண்டும். பதிந்ததை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுகந்தி வண்டி நம்பரைப் போட்டு விண்ணப்பித்தாள். நாலாம் நாள் காலை, கையில் டிபன் கேரியர் அளவு பெட்டியோடு ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"மேடம், என் பேரு காளிதாஸ். தடம் எடுக்கற லைசென்ஸ் வெச்சிருக்கறனுங்க. வண்டி நம்பரப் பார்த்துட்டு வந்தேன்."

"நம்பரப் பார்த்தா? என்ன பேன்சி நம்பரா அது?"

"இல்லீங்க. என்ற அப்பா இந்த வண்டியத்தான் ஓட்டிட்டு இருந்தாரு. மருதாசலம்."

சுகந்தி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். மருதாசலத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவர். அவளுக்குப் பதினாலு வயதானபோது, 1994 பிப்ரவரி பதினொன்றாம் தேதி, சூலூரிலிருந்து திரும்புகிற வழியில் இந்தக் கார் ஒரு சைக்கிள்காரர்மேல் மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். மறுநாள் போலீஸ் வந்தது. நான்தான் ஓட்டினேன் என்றார் மருதாசலம். ஜாமீன் கிடைத்து ஒரு வருஷம் அவரே வண்டி ஓட்டினார்; தீர்ப்பு வந்ததும் எட்டு மாதம் சிறைக்குப் போனார். வெளியே வந்த பிறகு அவர் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை. சுகந்தியின் அப்பா நடத்திய இரும்பு வார்ப்புப் பவுண்டரியிலேயே வாட்ச்மேனாக இருந்து வயதானார்.

"வண்டில அன்னிக்கு ரெண்டு பேருதானுங்க இருந்தாங்க," என்றார் காளிதாஸ். "உங்கப்பாவும் எங்கப்பாவும். அந்த ஒரு நாளு கிளட்ச்சுல யாரு கால் இருந்துச்சுன்னு எனக்குப் பார்க்கோணும். வண்டிய ரெடி பண்ண எத்தன மாசமானாலும் நான் வந்து கூட நிக்கறேன். அதுக்கு ஒண்ணும் தர வேண்டாமுங்க."

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"நாந்தான் ஓட்டுனேன்னு சாகற வரைக்கும் சொன்னாரு. ஆனா அதச் சொல்லறப்ப ஒருக்காக்கூட எம் மூஞ்சியப் பார்த்துச் சொன்னதில்லீங்க."

அவர் என்ன கேட்கிறார் என்பது சுகந்திக்குப் புரியாமல் இல்லை. உங்கள் அப்பா கொலை செய்துவிட்டு என் அப்பாவைச் சிறைக்கு அனுப்பினாரா என்று கேட்கிறார். போய்யா வெளியே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அப்பாவை அவளே நம்பவில்லை என்று ஆகிவிடும். அவளோ நம்பினாள். பெண்பிள்ளையைப் பவுண்டரிக்குள் விடாதே என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, கையைப் பிடித்து உலைக்குப் பக்கத்தில் நிறுத்தியவர் அவள் அப்பா நஞ்சப்பன். மருதாசலம் தெரியாம இடிச்சுட்டான் கண்ணு என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்பட்டதில்லை.

"எடுங்க. எடுத்துப் பார்த்துருவோம்," என்றாள்.

வேலை ஏழு மாதம் பிடித்தது. ஹெரால்டின் முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து கொடுக்கும். அதைத் தூக்கிவிட்டு முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டால் இன்ஜின் மடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். சுகந்தி ஒரு டயர்மேலும் காளிதாஸ் மறு டயர்மேலும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் இன்ஜினை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். பிஸ்டன்கள் நாலும் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தன. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தார்கள். காளிதாஸ் மரச் சுத்தியலை எடுக்கும்போதெல்லாம் அவள் பிடுங்கி வைத்தாள். பன்னிரண்டாம் நாள் கிராங்க் ஒரு நூல் அசைந்தபோது இரண்டு பேருமே சத்தம் போட்டார்கள்.

கழற்றிய நட்டு, போல்ட், வாஷர் ஒவ்வொன்றையும் முட்டை அட்டையின் குழிகளில் போட்டு நம்பர் எழுதி வைப்பது சுகந்தியின் வழக்கம். போர்ட்டிகோ முழுக்க முப்பது முட்டை அட்டை. "ஆம்லெட் எப்பங்க மேடம்?" என்று தினமும் காலையில் வந்ததும் கேட்பார் காளிதாஸ். மூன்றாம் மாதம் வாக்கில் அந்த மேடம் அக்காவாகிவிட்டது. எப்போது என்று இருவருமே கவனிக்கவில்லை.

வால்வுகளை அரைப்புப் பசை தடவி உட்கார வைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் கேட்டாள். ரப்பர் கப் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, மத்து கடைவதுபோல உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"சிலிண்டரை உரசிட்டோம், பேரிங் மாத்திட்டோம். இனி எங்க இருக்குது உங்க ஞாபகம்?"

"மேல்தோல உரசுனா ஒடம்பு மறந்துருமாக்கா? பிளாக்கு இருக்குதல்லங்க. ஒரு நாளு ஓடிச் சூடாகி, முழுக்க ஆறுனா, உள்ள ஒரு அடுக்கு விழும். கியர்பாக்ஸுலயும் அதே நாளு அடுக்கு விழும். அதுல மிதிச்ச கால் தெரியும். எங்கப்பா லாரி ஓட்டிப் பழகுனவரு. ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிப்பாரு. உங்கப்பா?"

"ஒரே மிதிதான். கியர் கரகரன்னு கத்தும். எங்கம்மா காதைப் பொத்திக்குவாங்க."

"அப்ப சுலபம்," என்றார் காளிதாஸ்.

"தேதி எப்படித் தெரியும்?"

"அதாங்க கஷ்டம். இரும்புக்குக் காலண்டர் தெரியாது. நின்ன நாளு அதுக்கு நாளே இல்ல. எத்தன தடவ சூடாச்சு, எத்தன தடவ ஆறுச்சு, அவ்வளவுதான். மோதுன எடத்துலயாவது அடையாளம் இருக்கும்னு பார்த்தா, முன்மூடிய அப்பவே மாத்திட்டாங்க. பிரேக் டிரம்மும் பழசில்ல. பின்னாலருந்து எண்ணிட்டுப் போகோணும். எந்தெந்த நாளு வண்டி எடுத்தாங்கன்னு எழுதி வெச்சிருந்தா உண்டு."

சுகந்தி உள்ளே போய் அப்பாவின் டிரிப் நோட்டுகளைக் கொண்டு வந்தாள். நஞ்சப்பன் கார் கேட்டைத் தாண்டிய ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்திருந்தார். தேதி, போன இடம், கிலோமீட்டர். கடைசி வரி 2003-இல், அவருக்குக் கண் மங்கி வண்டி ஓட்டுவதை நிறுத்திய நாள். காளிதாஸ் அந்த நோட்டுகளைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இன்ஜினை மறுபடி ஓட விடுவதற்கு முன்னால் தடம் எடுத்துவிட வேண்டும். ஓடினால் புது அடுக்கு விழுந்துவிடும். ஆகவே எல்லாம் பூட்டி முடித்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, காளிதாஸ் பெட்டியின் நுனியை முதலில் பிளாக்கிலும் பிறகு கியர்பாக்ஸிலும் ஒட்டிவைத்தார். நாலு மணி நேரம் ஆனது. நோட்டின் கடைசி வரியிலிருந்து அந்த பிப்ரவரி பதினொன்று வரைக்கும் வண்டி எடுத்த நாட்கள் 1,842. கடைசி அடுக்கிலிருந்து 1,842-ஆவது அடுக்குக்குப் போனது பெட்டி. திரையில் ஒரு கோடு ஓடியது. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு மேடு. இரண்டு மேடு. மறுபடி இரண்டு மேடு.

காளிதாஸ் தண்ணீர் கேட்டார். குடித்தார். பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டது சுகந்திதான்.

"எங்கப்பன் பொய் சொல்லலைங்க அக்கா," என்றார் கடைசியில். "நாந்தான் நாப்பது வருசமா அந்த மனுசன நம்பாம இருந்துருக்கறேன். எம் மூஞ்சியப் பார்க்க வெக்கமா இருந்துருக்குது அவருக்கு. அத நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை வந்து பதிந்துவிடலாம், அன்றைக்கே இன்ஜினையும் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுகந்திக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அதற்கு அடியில் பெரிய நிம்மதியும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அவள் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். முடிவு தனக்குச் சாதகமாக வந்தால் இன்னொரு தரம் பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை காலை காபியை வைத்துக்கொண்டு, காளிதாஸ் விட்டுப்போன அச்சுப்பிரதியையும் அப்பாவின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

நோட்டில் பிப்ரவரி பன்னிரண்டுக்கு நேராக அப்பா எழுதியிருந்தார்: போலீஸ் ஸ்டேஷன், 4 கி.மீ. அந்த மனிதர் அதைக்கூட விடவில்லை. அச்சுப்பிரதியில் அந்த நாளுக்கு நேராக இருந்தது கனமான அடுக்கு. இரண்டு மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். கிளட்ச்சில் மருதாசலத்தின் இரட்டை மிதி.

சுகந்திக்கு அந்தக் காலை அப்படியே நினைவிருந்தது. மருதாசலத்தை முதலிலேயே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காரை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு கான்ஸ்டபிள். முதல் கியர் விழாமல் கேட்டுக்குள்ளேயே மூன்று தடவை நிறுத்திவிட்டார். பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் அந்தக் கான்ஸ்டபிளின் கால் எங்கே? அவள் விரலை வைத்து மேலே மேலே போனாள். இருந்தது. மெலிந்த அடுக்கு, பத்து நிமிஷ ஓட்டம், ஸ்டார்ட் செய்து நின்றுபோன அடையாளம் மூன்று, முன்னேயும் பின்னேயும் வேறெங்கும் வராத ஒரு மூன்றாம் கால். பெட்டி அதற்கு ஜனவரி மாதத் தேதி போட்டிருந்தது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே பொள்ளாச்சி, 84 கி.மீ. என்று இருந்தது. கணக்கு சரியாக இருபத்தைந்து அடுக்கு தள்ளிப்போயிருந்தது.

எதனால் இருபத்தைந்து? நோட்டில் வராமல் இன்ஜின் மட்டும் இருபத்தைந்து முறை சூடாகியிருக்கிறது. கேட்டைத் தாண்டாமல்.

அவள் காபி தம்ளரைக் கீழே வைத்தாள். ஆயுத பூஜை. ஒவ்வொரு வருஷமும் அப்பா காருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டார்ட் செய்து, பழம் நசுங்கும் அளவுக்கு ஒரு முழம் முன்னே நகர்த்தி நிறுத்துவார். பிறகு இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிடுவார். கண் மங்கி ஓட்டுவதை நிறுத்திய பிறகும் அதை மட்டும் நிறுத்தவில்லை. இறந்துபோவதற்கு முந்தைய வருஷம் வரைக்கும் செய்தார். விபத்துக்குப் பிறகு வந்த பூஜைகளை விரல் விட்டு எண்ணினாள். 1994 முதல் 2018 வரை. இருபத்தைந்து. கேட்டைத் தாண்டாத நாளை அவர் நோட்டில் எழுதுவதில்லை. இதை உலகத்தில் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான்.

கான்ஸ்டபிளின் அடுக்குக்கு முந்தையதைப் பார்க்க அவளுக்குத் துணிவு வர அரைமணி நேரம் ஆனது. ஒரு கியருக்கு ஒரு மேடு. ஒரே மிதி. அம்மா காதைப் பொத்திக்கொள்ளும் மிதி.

சுகந்தி மகாத்மா அல்ல. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் அந்த அச்சுப்பிரதியை டிராயருக்குள் போட்டுவைத்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம். பெட்டி சொன்னது, காளிதாஸே ஒத்துக்கொண்டார், அரசாங்கம் முத்திரை போட்டுவிடும். இறந்துபோன அப்பாவைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்துவதற்கு மகள் எதற்கு? பக்கத்தில் நிறுத்தி உலையைக் காட்டிய கை அது. தன்னிடம் பொய் சொன்ன வாயும் அவருடையதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதினாலு வயதுப் பெண்ணிடம் அவர் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அவள் கேட்கவே இல்லை. வலிய வந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை காளிதாஸ் வெற்றிலை பாக்கும் கற்பூரமும் வாங்கி வந்தார். "எப்படி இருந்தாலும் மொத ஸ்டார்ட்டுங்க அக்கா," என்றார். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாம் முறை இன்ஜின் பற்றிக்கொண்டது. நாலு சிலிண்டரும் சீராக ஓடின. காளிதாஸ் கையைத் தட்டிச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. அதைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி நிறுத்தினாள்.

"ஏனுங்க, என்ன சத்தம் கேட்டுச்சு?" என்று பதறினார் அவர்.

"சத்தம் ஒண்ணுமில்ல. இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. காளிதாஸ், உங்க பெட்டி தப்பு. இருபத்தஞ்சு அடுக்கு தப்பு."

அவள் அச்சுப்பிரதியைக் கொண்டுவந்து காரின் கூரைமேல் விரித்தாள். கான்ஸ்டபிளைக் காட்டினாள். ஆயுத பூஜையைச் சொன்னாள். கடைசியாக அந்த ஒற்றை மிதியின்மேல் விரலை வைத்து, "இது எங்கப்பா," என்றாள். குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று வியாழக்கிழமை முழுக்கப் பழகியிருந்தாள். இருந்தும் உடைந்தது.

காளிதாஸ் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். சந்தோஷப்படுவார், கோபப்படுவார், அழுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் முன் டயரின்மேல், தன்னுடைய வழக்கமான இடத்தில், உட்கார்ந்துகொண்டார்.

"என்னைப் பாலிடெக்னிக்குல சேர்த்து விட்டது உங்கப்பாதானுங்க," என்றார். "நல்ல மனுசன், டிரைவர் பையன்னு பார்க்காமப் படிக்க வெக்கறாருன்னு எங்கம்மா தெனமும் கையெடுத்துக் கும்பிடும். அப்ப எங்கப்பன் ஜெயிலுக்குப் போனது என்ற படிப்புக்காங்க?"

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் வேண்டியது இதில்லீங்க அக்கா. பொய்க் கேசுல மாட்டுன அப்பன்தான் எனக்கு வேணும். ஒத்துக்கிட்டுப் போன அப்பன் இல்ல. திங்கக்கெழமை இருந்த அப்பனே தேவலை போல இருக்குது. இடிச்சாரு, தண்டனைய அனுபவிச்சாரு, நேரா நின்னாரு. இப்ப இவர வெச்சுட்டு நான் என்ன பண்ணறது?"

உண்மையைச் சொன்னால் யாராவது ஒருவருக்காவது ஆறுதலாக இருக்கும் என்று சுகந்தி நினைத்திருந்தாள். இரண்டு வீட்டிலுமே அது உதவவில்லை. கற்பூரம் ஏற்றாமல் தட்டில் இருந்தது. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் குடித்தார்கள்.

"பதிஞ்சிருங்க," என்றார் காளிதாஸ், தம்ளரை வைத்துவிட்டு. "யாரு ஓட்டுனாங்கறதாவது சரியா இருக்கட்டும். மத்தது எங்க வீட்டுச் சங்கதி."

பழைய போலீஸ் பதிவு தப்பு என்று தடம் காட்டினால், அதற்குத் திருத்த விண்ணப்பம் என்று ஒன்று இருந்தது. காளிதாஸ் கைக்கணினியில் அதைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் படிக்க, சுகந்தி சொல்லச் சொல்ல அவரே அடித்தார். வண்டி நம்பர். இன்ஜின் நம்பர். தேதி. தவறாகக் குறிக்கப்பட்டவர்: மருதாசலம். உண்மையில் ஓட்டியவர்: நஞ்சப்பன். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் தெருவைப் பார்த்தாள். அடுத்த கட்டம் வந்தது.

"இறந்தவர் பெயர்," என்று படித்தார் காளிதாஸ். விரல் நின்றது. "என்ன பேருங்க அக்கா?"

சுகந்தி வாயைத் திறந்தாள். எங்கள் வீட்டில் எப்படிச் சொல்வோம்? அந்த ஆக்சிடெண்ட். அந்தச் சைக்கிள்காரன். அந்தக் கேசு. "உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"எங்க வீட்டுலயும் சைக்கிள்காரருன்னுதானுங்க." அவர் முகம் மாறியது. "எப்.ஐ.ஆர். காப்பி எங்கிட்ட இருக்குது. ஒரு நூறு தடவ படிச்சிருப்பேன். கேஸ் நம்பரு, செக்‌ஷன், எங்கப்பன் கையெழுத்து எல்லாம் மனப்பாடமுங்க. பேரு..."

கைக்கணினியிலேயே அந்தக் காகிதத்தைத் தேடித் திறந்தார். இரண்டாவது வரியிலேயே இருந்தது. அந்த வரியைத் தாண்டித்தான் நூறு முறையும் அப்பாவின் பெயருக்குப் போயிருக்கிறார். ஆறுக்குட்டி, வயது முப்பத்திரண்டு, மில் தொழிலாளி, ஒண்டிப்புதூர். கதவு எண்ணும் இருந்தது.

கட்டத்தில் அடித்தார். ஒரு எழுத்து தப்பிப்போய் அழித்து மறுபடி அடித்தார். விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்று கேட்டது. இருவரில் யாரும் பொத்தானைத் தொடவில்லை.

"இத நாம அரசாங்கத்துக்குச் சொல்லறதுக்கு முன்னால," என்று ஆரம்பித்தாள் சுகந்தி.

"ஆமாங்க," என்றார் அவர்.

சோதனை ஓட்டத்துக்கு அன்று ஒரு நாள் அனுமதி கைவசம் இருந்தது. ஒண்டிப்புதூர் இருபது கிலோமீட்டருக்குள்தான். காளிதாஸ் காரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இதை ஓட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பதா? அவள் தார்ப்பாயை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். இருவரும் காரை மூடிவிட்டு பஸ் ஏறினார்கள்.

மில் மூடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தொழிலாளர் லைன் வீடுகள் மட்டும் இருந்தன. கதவு எண் மாறவில்லை. மதியம் இரண்டு மணி வெயில். தட்டியபோது ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி மாவுக் கையோடு வந்து, முழங்கையால் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"யாருங்க வேணும்?"

பஸ்ஸில் வரும்போது யார் முதலில் பேசுவது என்று இருவரும் தீர்மானித்திருக்கவில்லை. சுகந்திதான் கேட்டாள். "ஆறுக்குட்டிங்கறவரு வீடு இதுதானுங்களா?"

அந்தப் பெண்மணி அவளையும் காளிதாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த மாவு காய்ந்துகொண்டிருந்தது. ரேஷன் கார்டு விஷயமா, வீட்டு வரி விஷயமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. அவர்கள் கையில் காகிதம் எதுவும் இல்லை.

"எங்கப்பாங்க அவரு," என்றாள். "நாப்பத்தேழு வருசமாச்சு. அவரு பேரச் சொல்லிட்டு இந்த வாசலுக்கு யாரும் வந்ததில்லீங்களே."

பிறகு உள்ளே திரும்பி, கொஞ்சம் காது மந்தமானவருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்:

"அம்மோவ், அப்பாவத் தேடிட்டு ரெண்டு பேரு வந்துருக்கறாங்க!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்திருக்கும் சத்தம். "உக்காரச் சொல்லு, உக்காரச் சொல்லு," என்றது ஒரு வயதான குரல், அவசர அவசரமாக. "வந்தவங்களப் போக விட்டுறாத. இதோ வந்துட்டேன்."